அலாரம் அடிக்காத மத்தியானம்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். நானும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணும்தான் அங்கே மென்பொருள் எழுதுகிறவர்கள். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு, நிலக்கரித் தூள் தொட்டியின் சூட்டைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்துகொடுத்தோம். எவ்வளவு சூடானால் அலாரம் அடிக்க வேண்டும் என்ற விதியை ஆலைக்காரர்களே எழுதுவார்கள். மென்பொருள் அதை வரி வரியாகப் படித்து நிறைவேற்றும்.

அது மெதுவாக ஓடியது. அதனால் வேகத்துக்காக, வேறு யாரோ எழுதிவைத்த ஜிட் கம்பைலர் லைப்ரரி ஒன்றைச் சேர்த்தோம். ஒரு விதி பல தடவை ஓடிவிட்டால், லைப்ரரி அதை ஓட்டத்தின் நடுவிலேயே கம்ப்யூட்டர் நேரடியாக ஓட்டும் மெஷின் கோடாக மாற்றிவிடும். அப்புறம் விதியின் வரிகளை அது திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவாகவே உண்டாக்கிய நிரல்தான் ஓடும். அதை யாரும் படித்துப் பார்ப்பதுமில்லை.

சோதனை ஓட்டத்துக்காக ஆலைக்குப் போயிருந்தேன். மத்தியானம் கண்ட்ரோல் ரூமுக்குள் லேசாகக் கருகல் வாடை வந்தது. ஷிப்ட் சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"இங்க எப்பவும் இப்படித்தாங்க சார். ஸ்க்ரீன் பச்சையாத்தானே இருக்கு?"

பச்சையாகத்தான் இருந்தது. அதை நம்பி இரண்டு பேர் மூடியைத் திறந்து சுத்தம் செய்யத் தொட்டிமேல் ஏறிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தொட்டியின் பக்கவாட்டில் சூடு காட்டும் பழைய முள் மீட்டர் ஒன்று உண்டு. அதன் முள் சிவப்புக்குள் போயிருந்தது.

"டேய், எறங்குங்கடா! மூடியத் தொறக்காதீங்க!" என்று அவர் அலறினார். காற்றுப் பட்டால் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் தூள் வெடிக்கும். ஏணியிலிருந்து இரண்டு பேரும் குதித்தே விட்டார்கள். தீயை அணைக்கும் வாயுவை உள்ளே விட்டார்கள். பொழுது சாயும்வரை புகைந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அலாரம் கடைசிவரை அடிக்கவேயில்லை.

கம்ப்யூட்டரை அதற்குள் யாரோ அணைத்துவிட்டார்கள். லைப்ரரி உண்டாக்கிய நிரல் நினைவகத்தில் மட்டுமே இருந்ததால், அதோடு போய்விட்டது. மறுநாள் ஆபீஸில் அதே விதியை, காலை முழுக்க ஒரே சூட்டில் ஓடவிட்டோம். பிறகு அந்தப் பெண் சூட்டை ஏற்றினாள். பச்சை மாறவில்லை. இன்னும் ஏற்றினாள்.

"அண்ணே, இது காலைல பாத்த நம்பரையே பாத்துட்டு இருக்குண்ணே," என்றாள்.

அதுதான் நடந்திருந்தது. வெகுநேரம் ஒரே எண் வந்ததால், அது மாறாத எண் என்று எடுத்துக்கொண்டு நிரலுக்குள்ளேயே பதித்துவிட்டது லைப்ரரி. நாங்கள் சோதித்ததெல்லாம் சில நிமிட ஓட்டங்கள். அதற்குள் மெஷின் கோட் பிறந்திருக்கவே இல்லை.

லைப்ரரியை எடுத்துவிட்டு, மெதுவான பழைய மென்பொருளையே கொண்டுபோய்ப் போட்டேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"இனிமே சரியா அடிக்குங்களா சார்?"

"அடிக்குங்க."

அவர் தலையாட்டினார். அப்புறம் ஓர் ஆளைக் கூப்பிட்டு, முள் மீட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.