கடைசிக் கை மடிப்பில் எழுதியது

இங்கிலாந்தில் ஒரு பழைய பல்கலைக்கழகம். அங்கே ஒரு மெய்யியலாளர். அவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர், எந்த நேரமும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர்கள். எல்லோரும் செத்துப் பல காலம். அவர்களுடைய கையெழுத்தை இன்று வன்னியில், ஒட்டுசுட்டானில், பக்கத்து வீட்டு மாமியின் விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்து வாசிக்கிற ஆள் நான். பெருமைதான். மறைக்க மாட்டேன்.

மாமி வீட்டு விறாந்தைக்குப் போவது சிக்னலுக்காக. எங்கள் வீட்டில் கிணற்றுக் கட்டில் ஏறி நின்றால்தான் ஒரு கோடு வரும். கிணற்றுக் கட்டில் நின்றுகொண்டு மெய்யியல் பார்க்க முடியாது.

வேலை இதுதான். அந்தக் கடிதங்களையும் தாள்களையும் படம் பிடித்து வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்ய ஆட்கள் தேவை என்று இணையத்தில் போட்டிருந்தார்கள். நான் கம்பஸில் மெய்யியல் முடித்துவிட்டு அரச நியமனத்துக்காகக் காத்திருந்த நேரம். "மெய்யியல் படிச்சவைக்கு என்ன வேலை?" என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. விண்ணப்பித்தேன். சோதனை வைத்தார்கள். நாலு கிழமை, அதாவது ஒரு மாதம், பார்ப்போம் என்றார்கள். பிடித்தால் ஒரு வருட வேலை. பிடிக்காவிட்டால் வவுனியாவில் சித்தப்பாவின் ஹாட்வெயார் கடை. அப்பா எல்லாம் கதைத்து வைத்திருந்தார். கடையில் எனக்கென்று ஒரு கதிரையைத் துடைத்தும் வைத்திருந்தார்களாம்.

எனக்குப் பொறுப்பாக இருந்தவர் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பெண்மணி. கணினியில் முகம் பார்த்து ஒரு தரம் கதைத்தோம். ஒரு விதி சொன்னார். கண்ணில் படுவதை, படுகிற ஒழுங்கில், மேலிருந்து கீழே எழுத வேண்டும். நினைப்பதை எழுதக்கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால் அடியில் குறிப்புப் பெட்டி இருக்கிறது.

முதல் இரண்டு கிழமையும் பறந்தேன். மெய்யியலாளரின் எழுத்து கோழி கிளறின முற்றம் மாதிரி. இந்த வேலைக்கு வந்த மற்றவர்கள் அதைக் கண்டு அழுதார்களாம், எனக்கு மூன்றே நாளில் பிடிபட்டது. இன்னொருவர் எந்தக் கடிதத்தையும் சாப்பாட்டைத் திட்டாமல் முடிக்க மாட்டார். ஒருவர் ஓரத்தில் பூனைப் படம் கீறுவார். இவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவர் ஒரு தாளில் ஏதாவது எழுதி மடித்து அடுத்தவரின் அறைக்கு அனுப்புவார். அவர் அதே தாளில் தன் பங்கை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவார். கடைசியில் தாளில் ஊசி குத்த இடம் இருக்காது.

மூன்றாம் கிழமைக் கடைசியில் அப்படி ஒரு தாள் வந்தது. மேலே ஒடுங்கலான ஒரு மடிப்பு. அதில் மெய்யியலாளரின் கையெழுத்து: கொடுத்தவரும் வாங்கியவரும் மறந்துபோன வாக்கும் வாக்குத்தான், அதைக் கேட்ட மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தால் போதும். நடுவில் அகலமாக, நிதானமாக, ஒரு மாணவரின் கை: இரண்டு பேரும் மறந்துவிட்டால் அது இன்னும் வாக்குத்தானா? கீழே சாப்பாட்டுக்காரர்: தேநீர் ஆறிவிட்டது, சனிக்கிழமை பேசுவோம். பக்கத்தில் ஒரு பூனை.

நூலகத்துப் பட்டியலில் அந்தத் தாளுக்கு ஒரு வரி விளக்கம் இருந்தது. மெய்யியலாளர் கருத்தை வைக்கிறார், மாணவர் அதைக் கேள்வியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று. அந்த மாணவர் யாரென்று யாருக்கும் தெரியாது. வேறு எந்தத் தாளிலும் அந்தக் கை இல்லை. உலகத்தில் அவருக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு தாளும், வாத்தியார் சொன்னதைத் திருப்பிச் சொன்னவர் என்ற பெயரும்தான்.

நானும் மேலிருந்து கீழே தட்டி அனுப்பிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து அதே விறாந்தையில் சண்டை தொடங்கியது. லண்டனிலிருந்து என் மாமா, அம்மாவின் தம்பி, வந்து போயிருந்தார். போகும்போது உறை இல்லாமல் தாளையே மடித்து ஒட்டுகிற பழைய நீல ஏரோகிராம் கடிதங்கள் ஒரு பொதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். போர்க் காலத்தில் இங்கிருந்து போனவை. அப்போது வன்னியை விட்டு வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸ் கிடைக்கிற ஆள் எப்போதாவது ஒருவர். அங்கே தபாலில் போட அவர் கையில் கொடுத்துவிட ஒரு ஏரோகிராம் கிடைத்தாலே பெரிய காரியம். மாமியின் தம்பியும் என் மாமாவும் லண்டனில் ஒரே அறையில் இருந்ததால் இரண்டு வீட்டுக்கும் ஒரே கடதாசி. அம்மா பொதியை மாமியிடம் காட்டக் கொண்டுவந்தார். அதுதான் பிழை.

"எல்லாத்திலையும் நடுப் பக்கம் பூரா என்ரை எழுத்துத்தான், பார்த்தியே!" என்று மாமி சிரித்தார்.

அம்மாவின் குடும்பம் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தது. மற்ற நேரத்தில் அம்மா எங்களை மாதிரித்தான் கதைப்பார். கோபம் வந்தால் மலையகம் முழுதாக இறங்கி வந்துவிடும்.

"சிரிக்காதீங்கக்கா. நடுவுல பூரா நீங்களே எழுதிட்டு, எனக்கு அந்த ஒட்டுற மடிப்ப மட்டும் விட்டு வச்சீங்க. எறும்பு மாதிரி எழுதினேன். ஒவ்வொரு தடவையும்."

"எடியே, என்ரை ஆட்டுக்குட்டியின்ரை கதை எழுத இடம் வேண்டாமே?"

"ஆட்டுக்குட்டிக்கு அரைப் பக்கம். எங்கப்பாவுக்குக் காய்ச்சல்னு எழுத எனக்கு எடம் இல்ல."

"விசர்க் கதை கதையாதை. கடதாசியை விரிச்ச உடனை மேலை நிக்கிறது மடிப்பு. உன்ரை தம்பி முதல் வாசிச்சது உன்ரை எழுத்தைத்தான். கடைசியா எழுதிப்போட்டு முதல் ஆளா நிண்டனி. பிறகென்ன?"

என் கை விசைப்பலகையிலேயே நின்றுவிட்டது.

"மாமி, இப்ப சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"என்னத்தை? ஆட்டுக்குட்டியையோ?"

நான் அம்மாவின் கையிலிருந்து ஒரு ஏரோகிராமைப் பறித்து விரித்தேன். மேலே மடிப்பில் அம்மாவின் எழுத்து. வரி முடிய முடிய எழுத்து சிறுத்து, ஓரத்தில் வளைந்து ஏறியது. 'தம்பி, நடுவெல்லாம் அக்கா எழுதிட்டாங்க. நாங்க சுகம். மழ இல்ல.' உடனே அந்த இங்கிலாந்துத் தாளின் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். மெய்யியலாளரின் வரியும் அப்படியே, போகப் போகச் சிறுத்து, ஓரத்தில் வளைந்து. வெறும் தாளில் முதல் ஆளாக எழுதுகிறவர் ஏன் நெருக்கி எழுத வேண்டும்? மாணவரின் எழுத்தொன்றின் மேல்நீண்ட கோடு, கொம்பு மாதிரி, மடிப்புக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. மெய்யியலாளரின் வரி அந்த இடத்தில் மேலே துள்ளி, கொம்பைத் தாண்டி, பிறகு இறங்கியது. இல்லாத ஒன்றைத் தாண்டி யாரும் துள்ள மாட்டார்கள். கேள்விதான் முதலில் வந்திருக்கிறது. பெரியவர் கடைசியாக, கிடைத்த இடத்தில், பதில் எழுதியிருக்கிறார்.

அந்த ஆவேசத்தில் ஒரு மடவேலை பார்த்தேன். அனுப்பிய பக்கத்தைத் திறந்து, மாணவரை மேலே போட்டு, மெய்யியலாளரைக் கீழே இறக்கி, ஒரு குறிப்பும் எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். எனக்குத் தெரிகிறது, அவர்களுக்கும் தெரியும்தானே என்ற நினைப்பு.

அடுத்த நாள் நூலகப் பெண்மணியின் மின்னஞ்சல் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், மரியாதையாகத்தான் குத்தியது. ஒழுங்கை மாற்றுவது என் வேலை இல்லையாம். பட்டியல் எழுதியவர் இந்தத் தாள்களோடு நெடுங்காலம் இருந்தவராம். வெள்ளிக்கிழமைக்குள் பழையபடி மாற்ற வேண்டும். என் நாலு கிழமை பற்றிய முடிவும் வெள்ளிக்கிழமைதான்.

அன்று அப்பாவுக்குச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"அவை சொன்னபடி மாத்திக் குடுத்திட்டு வாயை மூடிக்கொண்டிரு பிள்ளை. நீ நியாயம் கதைச்சுக் கதைச்சு நிக்க, தம்பி அந்தக் கதிரையை வேறை ஆருக்கும் குடுத்திடுவான்."

"அந்த மாணவப் பெடியன் கேட்ட கேள்வியப்பா. அவன்ரை பேரைக் கெடுத்து வச்சிருக்கினம்."

"செத்த பெடியன்தானே?"

"அதாலதான். உயிரோடை இருந்தா அவனே சொல்லுவான்."

அப்பா என் சோற்றுக் கோப்பையில் ஒரு பொரித்த மீனை வைத்தார்.

பக்கத்தைப் பழையபடி மாற்றினேன். விதியை உடைத்தது நான், அதில் நியாயம் கதைக்க ஒன்றும் இல்லை. ஆனால் குறிப்புப் பெட்டியில் எல்லாவற்றையும் எழுதினேன்: எழுத்து நெருங்குவது, ஓரத்தில் வளைவது, கொம்பைத் தாண்டித் துள்ளுவது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு கடதாசி இருந்த காலத்தையும் எழுதினேன். ஏரோகிராமின் படத்தையும் இணைக்க வேண்டும். அதற்கு இரண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அம்மா உடனே தலையாட்டினார்.

"வெள்ளைக்காரர் என்ரை ஆட்டுக்குட்டியின்ரை கதையை வாசிப்பினமோ?" என்று மாமி கேட்டார்.

"தமிழ் தெரியாது மாமி."

"அப்ப அனுப்பு. ஆனா வடிவா எழுதின கடிதமாப் பார்த்து அனுப்பு."

வெள்ளிக்கிழமை விடியவே யானை வேலியை முறித்து, அதோடு ஒரு மின்கம்பத்தையும் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. கரன்ட் இல்லை. லப்டொப் செத்துவிட்டது. போனில் கொஞ்சம் உயிர் இருந்தது. பின்னேரம் மாமியின் விறாந்தையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவும் மாமியும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி எதிரில் இருந்து பயற்றங்காய் முறித்தார்கள்.

பதில் வந்தது.

அவர்கள் பெட்டியிலிருந்து மூலத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கொம்பின் நுனியை ஓர் இடத்தில் மெய்யியலாளரின் மை தொட்டிருக்கிறது. அவருடைய மைதான் மேலே கிடக்கிறது. மாணவர்தான் முதலில் எழுதியவர். பட்டியலை மாற்றுகிறார்கள். பட்டியல் எழுதியவரும் ஏரோகிராமை நெடுநேரம் பார்த்தாராம். இனிமேல் எதைக் கண்டாலும் முதலில் குறிப்புப் பெட்டியில் எழுத வேண்டும், தாளில் கை வைக்கக்கூடாது என்று ஒரு குட்டு. அதற்கடுத்த வரியில் ஒரு வருட வேலை.

நான் கத்தியதில் மாமியின் கோழிகள் வேலிக்கு அப்பால் பறந்தன. பிறகு பட்டியலின் புதிய வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். 'மாணவர் கேள்வியை எழுப்புகிறார். மெய்யியலாளர் மடிப்பில் கடைசியாகப் பதில் எழுதுகிறார்.' ஒட்டுசுட்டானிலிருந்து போய் அங்கே குந்தியிருக்கிற வரி அது. என் பெயர் அதில் இல்லை. அந்தப் பெடியனின் பெயரும் இல்லை. ஆனால் கேள்வி அவனுடையது என்று இனி அங்கே நிற்கும்.

அம்மா கையிலிருந்த பயற்றங்காயைச் சுளகில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். கோபம் இல்லாமலே மலையகம் வந்திருந்தது.

"கேட்டீங்களாக்கா? மடிப்பு கெடைச்சவங்களுக்குக் கடைசியாத்தான் எடம் கெடைச்சுதுன்னு இங்கிலாந்துலயே ஒத்துக்கிட்டாங்க."

மாமி தன் பங்குப் பயற்றங்காயை ஓரத்துக்கு ஒதுக்கி, சுளகை அம்மாவின் பக்கம் தள்ளினார்.

"சரி, சரி. இந்தா, உன்ரையை நடுவிலை வை."