தண்ணீர் போதும் என்றேன்

மருதாயி "தண்ணி இல்ல" என்றாள். அதை நான் சிங்களத்தில் "தண்ணீர் போதும்" என்று மாற்றிச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். வாய் தவறி வந்த சொல் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

றத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறும் வழியில் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அங்கே தபால் கொண்டுவருகிறவன். நாள்தோறும் கடைத்தெருவுக்கு இறங்கி ஏறியதில் சிங்களம் தண்ணீராய் வந்தது. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தவர்களில் அந்த மொழியைச் சரளமாகப் பேசியவன் நான் ஒருவன்தான். அதில் எனக்கு எத்தனை கர்வம்! துரையும் கூப்பிடுவார், கங்காணியும் கூப்பிடுவார். நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

தோட்டத்தில் இரண்டு லயங்கள். மேல் லயத்தில் என் காம்பரா, ஒற்றை அறை வீடு. நாங்கள் மலை முகட்டில் ஊற்று விழுகிற பீலிக்கு ஏறி நல்ல தண்ணீர் சுமந்து வருவோம். கீழ் லயத்துக்கு அந்தப் பீலி எட்டாத தூரம். அவர்களுக்கு இருந்தது ஓர் ஓடை. அந்த ஓடைக்கு நேர் மேலே எங்கள் லயத்தின் உடைந்த கக்கூஸ்கள். மழை பெய்தால் எல்லாம் வழிந்து அதில்தான் சேரும். துரைக்கும் தெரியும், எனக்கும் தெரியும்... குடித்தவர்களுக்கும் தெரியும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் ஓய்ந்து சில மாதங்கள் கழித்து, குழாய்த் தண்ணீர் கொடுப்பதற்காக ஓர் அதிகாரி மாத்தளையிலிருந்து வந்தார். நான்தான் வழிகாட்டி, நான்தான் மொழிபெயர்ப்பாளன். ஏறி வரும்போதே அவர் சொல்லிவிட்டார்: கையிலிருக்கும் குழாய் ஒரு லயத்துக்குத்தான் காணும், அதிகம் கஷ்டப்படுகிற லயத்துக்கே கொடுப்போம் என்று. ஆக, என் நாக்கில் என்ன தொங்குகிறது என்று எனக்கு முன்பே தெரியும்!

அப்போது என் மனைவிக்கு எட்டாம் மாதம். "ஊருக்கெல்லாம் சிங்களம் பேசுறீங்க, எனக்கு ஒரு பைப்பு பேசி வாங்க முடியாதா?" என்று கேலி பேசுவாள். அவள் வயிற்றுப் பிள்ளைக்காகத்தான் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்... அது பாதிதான். என் வாசலில் ஒரு பைப்பு நிற்க வேண்டும், அது என்னால் வந்தது என்று நாலு பேர் பேச வேண்டும் என்ற ஆசைதான் மீதி.

இன்னொரு சமாதானமும் வைத்திருந்தேன். கீழ் லயத்தில் பெரும்பாலானவர்கள் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டு இந்தியாவுக்குப் போகிற கப்பலுக்குக் காத்திருந்தவர்கள். இன்றோ நாளையோ போகிறவர்களுக்கு எதற்குப் பைப்பு? இப்படிக் கேட்டுக்கொள்ள என் மனம் கூசவில்லை.

கீழ் லயத்து வாசலில் பெண்கள் கூடி நின்றார்கள். மருதாயி தன் மூன்று வயது மகள் சுமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"ஐயாகிட்ட நல்லா சொல்லுங்கண்ணே. எங்களுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல. கக்கூஸ் தண்ணி கலந்த ஓடைதான். புள்ளைங்களுக்கு ஓயாம வயித்தால போகுது."

நான் அதிகாரியின் பக்கம் திரும்பினேன். "வத்துர எத்தி, மாத்தயா" என்றேன்.

வத்துர என்றால் தண்ணீர். அந்தச் சொல் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். எத்தி என்றால் போதும். அது மருதாயிக்குத் தெரியாது. வத்துர என்று காதில் விழுந்ததும், தன் குறையை நான் எடுத்துச் சொல்லிவிட்டேன் என்று நம்பி, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்! அதிகாரி அந்தத் தலையாட்டலைப் பார்த்தார். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மேல் லயத்துக்குப் பைப்பு வந்தது. என் காம்பராவிலிருந்து ஏழே தப்படி தூரம். எனக்கு மகன் பிறந்தான். அவனை முதலில் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான்.

அதற்குள் வடக்கே சண்டை முற்றி, கப்பலும் நின்றுபோயிற்று. போகிறவர்கள் என்று நான் கழித்துவிட்டவர்கள் பாஸ்போர்ட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு அதே ஓடையைக் குடித்தார்கள்.

மேலே வந்து பிடித்துக்கொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் வரும். அவர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க ஓடுகிற நேரமும் அதுதான். தப்பித் தவறி வந்தவர்களை எங்கள் லயத்துப் பெண்கள் குடத்தோடு விரட்டினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்குச் சுமதி படுத்தாள். இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் பிள்ளை துணியாய்த் துவண்டுவிட்டது. "நீங்க வந்தாத்தாண்ணே பேச முடியும்" என்று மருதாயி என்னைத் தேடி வந்தாள். தோட்டத்து லொறியில் மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

பிள்ளை என்ன தண்ணீர் குடிக்கிறது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். ஓடைத் தண்ணீர் என்றேன். அன்றைக்கு மட்டும் உண்மை பேசினேன்! தோட்டத்தில் குழாய் இல்லையா என்றார் அவர். அதை நான் தமிழில் சொன்னதும் மருதாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த அண்ணன் எங்களுக்காக எவ்வளவோ எடுத்துச் சொன்னாரு. அவங்கதான் குடுக்கல. அதையும் சொல்லுங்கண்ணே."

அதை எப்படிச் சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்? "குழாய் அவ்வளவு தூரம் வரவில்லை" என்று மட்டும் சொன்னேன். அதற்கும் அவள் தலையாட்டினாள்.

மறுநாள் மதியம் சுமதி இறந்துபோனாள்.

பைப்பு கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாளா? கக்கூஸைத் திருத்தாதது துரையின் குற்றமில்லையா? இரண்டு லயத்துக்கும் குழாய் தராதது அதிகாரிகளின் குற்றமில்லையா? எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் பங்கு உண்டுதான்... ஆனால் அவள் நம்பித் தலையாட்டியது என் சொல்லுக்கு.

வருடங்கள் ஓடிவிட்டன. போன மாதம் றத்தோட்டைக் கடையொன்றில் பருப்பு வாங்க நின்றேன். பக்கத்தில் மருதாயி, தலை நரைத்துப்போய். முதலாளி அவளுக்குப் பருப்பு அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். அவள் கையை உயர்த்தி, "எத்தி, முதலாளி, எத்தி!" என்றாள்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நானும் சிங்களம் கத்துக்கிட்டேன்" என்றாள்.

அண்ணே என்று கூப்பிடாமல் அவள் என்னிடம் ஒரு நாளும் பேசியதில்லை. அன்று அந்தச் சொல் இல்லை. என் முகத்தையே பார்த்து, மெல்லத் தலையாட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா? எவ்வளவு காலமாய்த் தெரியும்? ஓடிப்போய்க் கேட்டிருக்கலாம்... எனக்கு இரண்டு மொழி தெரியும். எந்த மொழியிலும் கேட்க வாய் வரவில்லை.