அமாவாசையன்று வாசலில் வைத்த முறம்

எங்கள் பக்கத்தில் வசந்தத்தைத் தனியாக ஒரு பருவம் என்று சொன்னால் சிரிப்பார்கள். மாசிப் பனி விலகுவதற்கும் பங்குனி வெயில் மண்டையைப் பிளப்பதற்கும் நடுவில் பத்துப் பதினைந்து நாள் கிடைக்கும், அவ்வளவுதான். விடிகாலையில் போர்வை வேண்டும், எட்டு மணிக்கு ஃபேன் வேண்டும். பொம்மிடிக்குப் பக்கத்தில் இந்த ஊரில் வீடு கட்டிக் குடிவந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பத்துப் பதினைந்து நாளை நான் ஒழுங்காகப் பார்த்தது இந்த வருடம்தான்.

வேலை அப்படி. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தேன். வண்டியின் வாலில் கடைசிப் பெட்டியில் தன்னந்தனியாக உட்கார்ந்துகொண்டு, எனக்கு முன்னால் நிலக்கரியும் சிமெண்டும் போவதைக் காவல் காக்கிற உத்தியோகம். எப்போது கூப்பிடுவார்கள், எப்போது திரும்புவேன் என்பது எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தால் குளியல், சோறு, தூக்கம். வீடும் தோட்டமும் தெருவும் என் மனைவியின் இலாகா. "நீங்க ரிட்டையர் ஆனதும் ஒவ்வொரு செடியா உங்களுக்கு அறிமுகம் பண்ணி வைக்கிறேன்" என்று ஒரு தடவை மெல்லச் சொன்னாள். நான் ரிட்டையர் ஆனேன். செடிகளை அறிமுகம் செய்துவைக்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. போன ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அதன்பிறகு செடிகளை நானாகத்தான் தெரிந்துகொண்டேன். மாசிக் கடைசியில் தெருமுனைப் புங்கமரம் இலை முழுவதையும் உதிர்த்தது. செத்துத்தான் போய்விட்டது என்று நினைத்தேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மரம் முழுக்க இளம்பச்சை, எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு. ரோட்டோரப் புளியமரங்கள் துளிர் விட்டன. எங்கள் வீட்டு மாமரத்தில் பூ உதிர்ந்து, சுண்டைக்காய் அளவுக்குப் பிஞ்சு. கீழ்க்கிளையில் மட்டும் முந்திக்கொண்டு நாலைந்து காய் பெருத்திருந்தன. குயில் ஒன்று விடிவதற்கு முன்பே ஆரம்பித்து, பதில் வராததைப் பற்றிக் கொஞ்சமும் கவலைப்படாமல் கூவிக்கொண்டே இருந்தது. சேர்வராயன் மலை மட்டும் வெயில் புகையில் மங்கிக்கொண்டே வந்தது.

பிறகு வேப்பம்பூ. காம்பவுண்டு ஓரத்தில் நிற்கும் வேம்பு பூத்ததை நான் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, மூச்சு விட்டுத் தெரிந்துகொண்டேன். காலையில் கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. வாசல் முழுக்க வெள்ளைப் பொடி. அப்படியே திரும்பி, "ஏ, இங்க வந்து பாரேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உள்ளே யாரும் இல்லை என்பது உறைத்தது.

பூவைத் தனியாகப் பார்ப்பது ஒரு தண்டனை. இதை யாராவது என்னிடம் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வாழ்க்கை முழுக்கத் தனியாக உட்கார்ந்து போனவன் நான்; தனிமை எனக்குப் பழக்கப்பட்ட சமாச்சாரம் என்று பெருமையாகவே நினைத்திருந்தேன். அது சம்பளத்துக்கு இருந்த தனிமை. வண்டி நின்றால் தீர்ந்துவிடும். இது அப்படித் தீரவில்லை. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ஃபோன் செய்தேன். "சூப்பர்ப்பா, போட்டோ அனுப்புங்க, மீட்டிங்ல இருக்கேன்" என்றாள். அனுப்பினேன். சாயங்காலம் ஒரு சிவப்பு இதயம் வந்தது.

மல்லிச்செடியும் மொட்டு விட்டது. அதைப் பறித்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள்; எங்கள் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ வைப்பதில்லை. என் மனைவியும் அந்த நாற்பது நாள் தலையில் பூ வைக்க மாட்டாள். ஆனால் மல்லிக்குத் தவக்காலம் தெரியுமா? அது சரியாக அப்போதுதான் பூக்கும். அதனால் முதல் மல்லியெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் போகும் என்று அவள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேப்பம்பூவும் அப்படித்தான். பக்கத்து வீட்டிலும் எதிர்ச் சாரியிலும் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள். யுகாதிப் பண்டிகைக்கு வேப்பம்பூவும் வெல்லமும் மாங்காயும் போட்டுப் பச்சடி செய்வார்கள். வருடா வருடம் எங்கள் மரத்திலிருந்துதான் பூ போகும், மாவிலைத் தோரணமும் எங்கள் மரத்து இலைதான்.

இந்த வருடம் யாரும் வரவில்லை. யுகாதிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே நான் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டேன். வாசல் கேட் சத்தம் வந்தால் எழுந்து போவேன்; காற்றாக இருக்கும். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும், அவள் கணவர் தினமும் அரூர் மண்டிக்குப் போய் வருகிறவர். என்னைத் தெருவில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவாள். மற்றவர்களும் அப்படியே. துக்கம் நடந்து ஐந்தாறு மாதம் ஆன பிறகும் என் வீட்டுப் பக்கம் வந்தாலே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இழவு வீட்டுப் பூ பண்டிகைக்கு ஆகாது போலிருக்கிறது என்று நினைத்தேன். நினைக்க நினைக்கக் கோபம் வந்தது. கோபத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்டால், ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும் என்ற ஆசைதான். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் வராவிட்டால் என்ன, நாமே கொடுத்துவிடலாம் என்று யுகாதிக்கு முந்தின நாள் விடியும் முன்பே படுக்கையில் தோன்றியது. கொண்டுபோய்க் கதவைத் தட்டிக் கொடுக்க வாய் வராது. கணவர் இல்லாத நேரத்தில் ஒரு வீட்டு வாசலில் நான் போய் நிற்பதும் சரியில்லை. ஆகவே வாசலில் வைத்துவிடுவது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தேன். வெளிச்சம் வருவதற்குள் எழுந்து மனைவியின் மூங்கில் முறத்தை எடுத்தேன். வாழையிலை விரித்து, பூவோடு வேப்பங்கொத்துகள், ஒரு கட்டு மாவிலை, கீழ்க்கிளை மாங்காய்கள், உதிரியாக மல்லி. முறம் ஒரு பக்கம் காலியாகத் தெரிந்ததால் எலுமிச்சை மரத்திலிருந்து நாலு பழம் பறித்து வைத்தேன். காற்றில் பூ பறந்துவிடுமே என்று மேலே ஒரு துணி போட்டேன். கைக்குக் கிடைத்தது, வண்டியில் காட்டுகிற பழைய சிவப்புக் கொடி, இப்போது துடைக்க வைத்திருந்தது. பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு கல். கேட்டுக்கு வெளியே, எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன். எங்கள் வீடு மூன்று தெரு கூடுகிற இடத்தில் இருக்கிறது. அன்றைக்கு அமாவாசை.

இதைப் படிக்கிறவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு உறைக்கவில்லை. அப்படி அக்கறையாக அலங்காரம் செய்த ஒன்று வேறு மாதிரித் தெரியும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

சன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பால்காரர் வந்தார், முறத்தைப் பார்த்தார், வண்டியை வளைத்து எதிர்ச் சாரியை உரசிக்கொண்டு போனார். எனக்குப் பால் ஊற்றவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போன ஒருத்தி, சட்டென்று அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு தள்ளி ஓடினாள். முகர்ந்து பார்க்க வந்த நாயைக்கூட யாரோ கல்லெடுத்து விரட்டினார்கள். இரண்டு பெண்கள் தூரத்தில் நின்று வாயை மூடிக்கொண்டு பேசினார்கள், என் வீட்டைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். என் வீட்டுப் பூவைப் பார்த்து இவ்வளவு அருவருப்பா? பெண்டாட்டி செத்தவன் என்றால் தொற்று நோயா? பத்து மணி வரைக்கும் பார்த்தேன். பிறகு எழுந்து போய்க் கேட்டைத் திறந்து, முறத்தைத் தூக்கக் குனிந்தேன்.

"ஐயோ, தொடாதீங்கண்ணா! கைய எடுங்க!"

பக்கத்து வீட்டு அம்மாள். தலையை முடியாமல், கையில் விளக்குமாறோடு ஓடி வந்தாள். மனைவி போன பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"அமாவாசை அதுவுமா எவனோ உங்க வாசலாண்ட கழிப்பு கழிச்சி வெச்சிட்டுப் போயிருக்கான். நீங்க உள்ள போங்க. எங்க வூட்டுக்காரரு அரூர்ல இருந்து வந்ததும் குச்சியில தள்ளி ஏரியில போட்டுருவாரு. நல்ல மனுஷனுக்கு யாருங்க இப்பிடிப் பண்றது?"

நான் முறத்தைப் பார்த்தேன். வேப்பிலை. எலுமிச்சம்பழம். சிவப்புத் துணி. கல். முச்சந்தி. செய்வினை கழித்துப் போடுகிறவர்கள் வைப்பதெல்லாம் இவைதான் என்று ஒரே நேரத்தில் உறைத்தது. நிலத்தில் ஒரு பிளவு இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

"எவனும் வெக்கலம்மா. நாந்தான் வெச்சேன்" என்றேன். "உங்க பண்டிகைக்கு. பச்சடிக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். முறத்தைப் பார்த்தாள். விளக்குமாற்றின் நுனியால் துணியை மெல்ல விலக்கி மல்லியைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐப்பசிக்குப் பிறகு சிரிப்பது அதுதான் முதல் தடவை, வயிறு வலித்தது.

"பூ பறிக்க வருவீங்கன்னு பாத்தேன். யாருமே வரல" என்றேன், கொஞ்சம் குறையாகவே.

"வர்றதுக்கு என்னங்கண்ணா? நீங்க தூங்குவீங்களேன்னு இருந்தோம். அவரு டூட்டி முடிச்சி வந்து தூங்குறாரு, சத்தம் போடாதீங்கன்னு அக்கா எத்தினி வருசமா சொல்லிச் சொல்லி, உங்க வூட்டாண்ட வந்தாலே எங்களுக்கு வாய் தானா மூடிக்குது. அதில்லாம, ஆம்பள ஒருத்தர் மட்டும் இருக்கிற வூட்டுல கூப்புடாம எப்பிடி வர்றதுங்க?"

"இப்ப கூப்புடறேன். வாங்க."

அவள் உடனே உள்ளே வந்துவிடவில்லை. எதிர்ச் சாரியைப் பார்த்துத் தெலுங்கில் குரல் கொடுத்தாள். கதவோரத்தில் நின்றிருந்த இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கும் விஷயத்தைச் சொன்னாள். அவர்களும் சிரித்தார்கள், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். மூவரும் கேட்டுக்குள் போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டேன், அதுதான் முறை. வேப்பமரத்தடியில் முந்தானையை விரித்துப் பூவை உதிர்க்க ஆரம்பித்தார்கள். ஒருத்தி மற்றவளிடம் கிசுகிசுப்பாக ஏதோ சொன்னாள்.

"சத்தமாவே பேசுங்கம்மா. இங்க யாரும் தூங்கல" என்றேன். "எனக்குத்தான் உங்க பாஷை புரியாதே."

"அக்காவுக்கு நல்லாப் புரியும்ங்க" என்றாள் பக்கத்து வீட்டு அம்மாள், பூவை உதிர்த்துக்கொண்டே.

"எந்த அக்காவுக்கு?"

அவள் கை நின்றது. "உங்களுக்குத் தெரியாதாங்கண்ணா? அக்கா எங்ககூடத் தெலுங்குலதான் பேசும். எங்களாண்டயே கத்துக்கிட்டு எங்களவிட நல்லாப் பேசும். இதே மரத்தடியில உக்காந்து எங்க மாமியாருங்க மாதிரியெல்லாம் பேசிக் காட்டும். நாங்க சிரிச்சி சிரிச்சி சாவோம்."

எனக்குத் தெரியாது. முப்பது வருடம். என்னிடம் அவள் பேசியதெல்லாம் பெரும்பாலும் சோறு போடவா, குழம்பு சூடு பண்ணவா, லைட்டை அணைக்கவா. அதையும் தாழ்ந்த குரலில்தான் பேசுவாள். பேசாத பெண் என்றே அவளை நினைத்திருந்தேன். ஊரிலும் உறவிலும் அப்படித்தான் சொல்லியும் வந்திருக்கிறேன். அடக்கமான பெண் கிடைத்தாள் என்று.

"எனக்கு எதிர்ல ஒரு நாளும் பேசினதில்லையே" என்றேன்.

அவள் சங்கடப்பட்டாள். ஆனால் பொய் சொல்லத் தெரியாதவள். "உங்க டிவிஎஸ் வண்டி சத்தம் தெருமுனையில கேட்டா நாங்க எந்திரிச்சிப் போயிருவோம்ங்க" என்றாள்.

மற்ற இருவரும் தரையைப் பார்த்தபடி பூ பொறுக்கினார்கள். நான் கேட்டுக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு ஆள் உள்ளே வர வேண்டும் என்று எத்தனை நாள் காத்திருந்தேன், மூன்று பேர் வந்திருக்கிறார்கள். நான் நிற்கிற வரைக்கும் அவர்கள் வாயைத் திறக்கப் போவதில்லை.

"மல்லியும் பறிச்சிக்குங்க. மெதுவா இருங்க" என்றேன். "நான் ஸ்டேஷன் பக்கம் போயிட்டு வரேன். வர நேரமாகும்."

எனக்கு ஸ்டேஷனில் ஒரு வேலையும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். புங்கமரத்தைத் தாண்டும்போது பின்னால் பேச்சு ஆரம்பித்தது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒருத்தி ஏதோ சொல்ல, மற்ற இருவரும் உரக்கச் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கிற தூரத்துக்குள்ளேயே இருக்கும்படி, மெதுவாக நடந்தேன்.