கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சந்தனப் பொட்டு

மகளின் கணினித் திரை இருண்டே கிடந்தது. கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றி, அதன் தங்கநிற இணைப்புப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். அந்த ரப்பர் வாசம் என்னைச் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த ஆயர் ஈத்தாம் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அன்று சரஸ்வதி பூஜை. "பொட்டு வெளியில வச்சா போதுமா? மூளைக்கும் வைக்கணும் லா!" என்று அப்பா எங்கள் கணினியைத் திறந்து கார்டை உருவி, பற்களிலேயே சந்தனம் பூசிச் செருகினார். திரை ஒளிரவில்லை. மறுநாள் பள்ளியில் கொடுக்க வேண்டிய அக்காவின் கட்டுரை உள்ளே மாட்டிக்கொண்டது. அக்கா அழுதாள். அப்பாவுக்குச் சாமி படத்தை நிமிர்ந்து பார்க்கவே கூச்சம்.

மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்த அம்மாதான், "தள்ளுங்க. பேக்டரியில நாங்க தேய்க்காத கார்டா?" என்று அக்காவின் அழிரப்பரை எடுத்தார். பளபளவென்று தேய்த்துச் செருகியதும் திரை வெளிச்சமானது.

அக்கா கட்டுரையைத் தேடவில்லை. ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள்.

"நல்லவேளப்பா, கம்ப்யூட்டருக்குச் சுண்டல் ஊட்டாம விட்டீங்க!"