கிரில்லைக் கழற்றிய ஞாயிறு

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன், ஆறுக்கு நடை, ஏழுக்குக் காபி. எட்டு மணிக்குக் காரின் உடைந்த முன் கிரில்லை மாற்ற உட்கார்ந்தேன்.

அதை உடைத்தவர் எங்கள் பிளாக்கைப் பெருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி, வடக்குத்து கிராமத்து ஏழுமலை என்று நம்பியிருந்தேன். அவர் குப்பை வண்டியை என் கார் அருகில்தான் நிறுத்துவார். போன வாரம் கேட்டபோது மறுத்தார்.

"நான் இடிக்கலைங்க சார். இடிச்சுட்டு உங்க முன்னாலயே நின்னுக்கினு இருப்பனா?"

"அப்போ காத்தா வந்து இடிச்சுது?" என்றேன்.

தேதி, நேரம், வண்டி நின்ற இடம் எல்லாம் குறிப்பிட்டுக் கான்ட்ராக்டருக்குப் புகார் எழுதினேன். அவ்வளவு துல்லியமான கடிதத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. மறுநாளே ஏழுமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

கிளிப்புகளை நெம்பிப் பழைய கிரில்லை வெளியே இழுத்தேன். விரிசலுக்குள் பச்சை பெயின்ட் சிக்கியிருந்தது. அவர் வண்டி மஞ்சள். பச்சை எங்கள் கேட். எழுந்து போய்ப் பார்த்தேன். கேட்டின் தாழ்ப்பாளில் கிரில்லின் கறுப்பு பிளாஸ்டிக் துணுக்கு ஒன்று குத்தி நின்றது. நைட் ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்த ஒரு காலையில் லேசான சத்தம் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அன்று நான் இறங்கிக்கூடப் பார்க்கவில்லை.

கான்ட்ராக்டரைப் போனில் அழைத்தேன். "ஏழுமலையா இல்லாமயும் இருக்கலாம்" என்றுதான் சொன்னேன். நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"வேற ஆள் போட்டாச்சு சார், வுடுங்க" என்றார்.

இருபது ஆண்டுகளாக ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறேன். அதில் பொய் எழுதியதில்லை என்று பெருமைப்பட்டவன். அன்றைய பக்கத்தில் 'கிரில் மாற்றினேன்' என்று மட்டும் எழுதினேன். அதுவும் பொய்யில்லைதான்.

திங்கள் காலை, புதிய ஆள் பெருக்க வருவதற்குள், முதல் வேலையாக அந்தத் துணுக்கைப் பிடுங்கிவிட்டுத் தாழ்ப்பாளை உப்புத்தாளால் தேய்த்தேன்.