நான்கு விதமாகப் போடும் கோட்டு

என் மகளுக்கு மதுரையில் கல்லூரியில் இடம் கிடைத்ததும் என் கவலையெல்லாம் அவள் நெஞ்சைப் பற்றித்தான். சிறு வயதிலிருந்தே சளி பிடித்தால் அவளுக்கு மூச்சு இழுக்கும். கொடைக்கானல் குளிருக்குக் கம்பளி வேண்டும். மதுரை வெயிலில் அதைத் தொட முடியாது. இரண்டுக்குமாக ஒரே உடுப்பு தைப்பது என்று முடிவு செய்தேன்.

பழைய செய்தித்தாளில் வெட்டி வெட்டிப் பார்த்தேன். ஜவுளிக்கடை பாய் சாம்பல் நிறக் கம்பளித் துணி எடுத்துக் கொடுத்தார். கோட்டின் கைகள் இரண்டையும் தோளில் பித்தான் போட்டு மாட்டலாம். இடுப்புக்குக் கீழே உள்ள பகுதி கொக்கிகளில் நிற்கும். கழற்றி விரித்தால் சால்வை. தோளில் பித்தான் தெரிந்தால் கூடப் படிப்பவர்கள் சிரிப்பார்களே என்று மேலே ஒரு பட்டி வைத்தேன். அது சரியாக விழ மூன்று முறை பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது.

"இது கோட்டா, ரயிலா? ஊருக்கு ஊர் பெட்டியக் கழட்டி மாட்டுற" என்றார் என் கணவர். கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில், எங்கள் வீட்டு வாசலில் மகள் அதை நான்கு விதமாகவும் போட்டுக் காட்டினாள். அன்று எனக்கு அவ்வளவு பெருமை.

மலையிலிருந்து இறங்குகிறவர்கள் அடிவாரத்து வத்தலக்குண்டில் கம்பளியைக் கழற்றிக் கைப்பையில் வைப்பார்கள். திரும்பும்போது மலை ஏறத் தொடங்கியதும் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். என் மகள் மறதிக்காரி. குடை, டிபன் கேரியர் எல்லாம் பஸ்ஸில் விட்டவள். ஒரு கை தொலைந்தாலும் கோட்டு வீண். கழற்றிய துண்டுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டு, வீட்டுக்கு வந்துதான் திறக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். கடிதத்திலும் எழுதினேன்.

தீபாவளி விடுமுறைக்கு வந்தாள். பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்து, பிற்பகல் முழுக்க பஸ் நின்றுவிட்டது. ஜன்னல் படுதா கிழிந்த பக்கம் அவள் இருக்கை. கையில்லாத கோட்டோடு மழைச் சாரலில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பெட்டி பஸ் கூரைமேல் இருந்தது. விரல்கள் விறைத்து வீடு வந்தவளிடம், பெட்டியை இறக்கித் தரச் சொல்லிக் கேட்டிருக்கக் கூடாதா என்றேன்.

"நீதானம்மா வீட்டுக்கு வந்து தெறக்கச் சொன்னே. ஒரு பித்தான்கூடத் தொலையலை, பாரு."

குறை சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள். பெட்டிக்குள் கைகள் இரண்டும் மடிப்புக் கலையாமல், ஈரம் படாமல் இருந்தன.

மறுநாளே காய்ச்சல். நிமோனியா என்றார் டாக்டர். அவள் கட்டிலருகே உட்கார்ந்து பித்தான்களை வெட்டி எறிந்துவிட்டு, கைகளை இரட்டை நூலால் தோளோடு சேர்த்துத் தைத்தேன். அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

"அப்ப மதுரையில எப்படிம்மா போடுறது?"

அங்கே போட வேறு தைத்துத் தருகிறேன் என்றேன்.

ஒன்பதாம் நாள் போய்விட்டாள். வெளியே மழை விடவில்லை. புதுச் சேலைக்கு மேல் அந்தக் கோட்டையும் போட்டு அனுப்ப வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அவள் கை மடங்கிக் கோட்டுக் கைக்குள் நுழையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் முயன்று பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். நானே பிளேடு எடுத்து, தோள் தையலைப் பிரித்தேன்.