சிப்புக்கு வைத்த பொட்டு

ஐம்பது வயதில் ஒருவனுக்கு வரக்கூடிய வியாதிகளில் செலவு குறைவானது எனக்கு வந்திருக்கிறது. பிஸ்கட் அளவில் ஒரு சர்க்யூட் போர்டு வாங்கி வைத்திருக்கிறேன். அதன் வரைபடம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் கிடக்கிறது. அதற்கு நானே புரோகிராம் எழுதுகிறேன். துளசித் தொட்டி காய்ந்தால் ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அவ்வளவுதான். மழை பெய்யும்போது எரிகிறது. அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். ஒரு பட்டனைத் தட்டினால் மூன்று விநாடியில் பழையது போய்ப் புதியது உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை சுலபமாக அழிகிறதே என்று ஒவ்வொரு முறையும் லேசாக உறுத்தும். என் மாமா ஒரு புரோகிராமை அழிக்க ஒன்பது நாள் எடுத்துக்கொண்டவர்.

மாமா, அம்மாவின் தம்பி. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு ராயபுரத்தில் எங்களோடு இருந்தார். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போகாத முதல் ஆண்பிள்ளை என்பதால், அவர் என்னதான் படித்தார் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதே அம்மாவுக்குப் பெரிய வேலை. "ரேடியோ மாரி ஒண்ணு பண்ணுவான். ஆனா பாடாது" என்பாள்.

பாடாத அந்தப் பொருள், பள்ளிக்கூடப் பையனான எனக்கு உயிர். ஒரு மாதப் பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்து மாமா கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காகச் செய்த போர்டு அது. ஓரத்திலிருந்து ஓரம் வரை எட்டு சின்ன சிவப்பு விளக்குகள். நடுவில், மரவட்டை போலக் கால்களுடன் ஒரு சிப்பு. அதன் முதுகில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். புரோகிராம் அதற்குள் இருந்தது. சுவிட்சைப் போட்டால் இரண்டு ஓரத்திலிருந்தும் வெளிச்சம் நடுவை நோக்கி ஓடி வரும். நடுவில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு மூச்சு நேரம் நிற்கும். பிறகு பிரிந்து போகும். நாள் முழுக்கப் பார்ப்பேன்.

இடது பாதியை எழுதியது மாமா. வலது பாதியை எழுதியது அவருடன் ப்ராஜெக்ட் செய்த அக்கா. அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகை மண்டி வைத்திருந்தவர். நாலைந்து தடவை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"ஒங்க பாதிக்கு என்ன அவசரம்? எம்பாதி வார வரைக்கும் நிக்கச் சொல்லுங்க" என்றாள் ஒருநாள்.

"அது அப்டித்தான் ஓடும். ராயபுரம் ஸ்பீடு."

"அப்ப ஓடட்டும். அங்க போயித் தனியா நின்னு எரியட்டும்."

மறுநாள் மாமாவின் பாதி நடுவில் போய் அடக்கமாகக் காத்து நின்றது.

அந்த மே மாதம், ஒரு சனிக்கிழமை, தபாலில் அந்த அக்காவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை கோவில்பட்டி. அடுத்த ஞாயிறு முகூர்த்தம். அம்மா அதைப் படித்துவிட்டு டிவி மேல் வைத்தாள். மாமா எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "நல்ல பிரிண்டிங்குக்கா" என்றார்.

மறுநாள் காலையில் சிப்பைக் கழற்றி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனார். பக்கத்து வீட்டு நெத்திலி காய்ந்துகொண்டிருந்த பாயின் ஓரத்தில், ஒரு தெர்மகோல் துண்டில் குத்தி, ஜன்னல் வானத்தைப் பார்க்க வைத்தார்.

"இன்னா மாமா, கருவாடு போடறியா?"

"வெயிலு உள்ள பூந்துச்சுன்னா எயுதுனது எல்லாம் தானா அயிஞ்சிடும்டா. ஒரு வாரம் ஆவும். காக்கா தூக்காம பாத்துக்கோ."

காரணம் இருந்தது. காசிமேட்டில் ஒரு ஐஸ் ஃபாக்டரிக்காரர், தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கிற மாதிரி ஒன்று செய்துகொண்டு புதன்கிழமைக்குள்... இந்தப் புதன் அல்ல, அடுத்த புதன்... வா, சரியாக இருந்தால் வேலைக்கே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். மாமாவிடம் இருந்தது அந்த ஒரே சிப்பு. பழையது அழிந்தால்தான் புதியதை எழுத முடியும். பழையதை எழுதி வைத்திருந்த நோட்டையோ காலேஜில் வாங்கிக்கொண்டுவிட்டார்கள். ஆக, என் எட்டு விளக்குகளின் ஓட்டம் உலகத்தில் அந்த ஜன்னலுக்குள் மட்டும்தான் மிச்சம். அதற்கு என்னையே காவல் வைத்துவிட்டு மாமா வெளியே போய்விட்டார்.

நான் கீழே போய், பீரோவைத் திறந்து, அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிதாக ஒன்றை உரித்தேன். மெரூன் கலர், வெல்வெட். ஜன்னலுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தியது. சிப்பு பார்க்க லட்சணமாகக்கூட ஆகிவிட்டது.

தினமும் காலையில் மாமா தலை மறைந்ததும் ஒட்டுவேன். சாயங்காலம் அவர் வருவதற்குள் உரித்துவிடுவேன். அந்த வெயிலில் கோந்து இளகிவிடுவதால் நாளுக்கு ஒரு புதுப் பொட்டு. மாமா வந்து ஜன்னலைச் சட்டை நுனியால் நிதானமாகத் துடைத்து, போர்டில் செருகி, சுவிட்சைப் போடுவார். எட்டு விளக்கும் ஓடும், சேரும், நிற்கும், பிரியும். ஒரு தடவை பார்த்தால் போதாதா? சாப்பாடு ஆறும்வரை பார்ப்பார்.

நாலாம் நாள், "இன்னும் அயியல. வெயிலு பத்தல" என்றார்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கல்மண்டபம் ஏரியாவில் தார் ரோடு செருப்பைப் பிடித்துக்கொண்டு விடாத நாட்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாது, வெயிலு பத்தலியா? இங்க வந்து அஞ்சி நிமிசம் நில்லுடா, நீயே அயிஞ்சிடுவ."

நான் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடிக்கப் போனேன். படித்த மனுஷனை ஒரு பொட்டு ஏமாற்றிவிட்டது.

ஆறாம் நாள் ஆபத்து வந்தது. அம்மா அட்டையுடன் வந்து நின்றாள். "நான் ஒண்ணுதான் வெச்சிருக்கேன். ஆறு எப்டி போச்சி? எவன்டா எடுத்தான்?"

மாமா படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நாந்தான்க்கா."

"உனுக்கு இன்னாத்துக்குடா பொட்டு?"

"சர்க்யூட்டுக்கு."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். மாமா வேறு எதற்கோ பொட்டு எடுத்திருக்கிறார், என் கணக்கும் அதில் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். என் அதிர்ஷ்டத்தை எண்ணி வியந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய், தாம்பூலப் பையோடு வந்தாள். மாமா அன்றைக்கு வெளியே போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததால் எனக்குப் பொட்டு ஒட்ட வழியில்லை, தவித்துப்போய்விட்டேன். பதினொரு மணிக்கு அவரே எழுந்து, "தூக்கம் வருதுடா" என்று கீழே போனார். ஓடிப்போய் ஒட்டினேன். அன்று சாயங்காலமும் விளக்குகள் ஓடின.

திங்கட்கிழமை மாமா என்னையும் கூட்டிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனார். ஆளுயரத்துக்கு எலெக்ட்ரானிக்ஸ் சாமான்கள் அடைந்த ஒரு கடை. கடைக்காரர் சிப்பை வாங்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்.

"இன்னாபா இது, ஓரத்துல செகப்பா?"

"குங்குமம் வெச்சி, எட்டு நாளு வெயில்ல காய வெச்சி எடுத்தாந்தேன் தலைவரே."

"எட்டு நாளு வெயில்லயா வெச்ச? இன்னா ஆச்சி உனுக்கு? போன மாசம் நம்ம பொட்டிலதான ரெண்டு தபா அயிச்சிகினு போன? இருவது நிமிசம்."

மேசைமேல் ஒரு தகரப் பெட்டி இருந்தது. மூடி இடுக்கில் ஊதா வெளிச்சம் கசிந்தது. மாமா, "ஒரு தபா ஓட்டிப் பாத்துக்கறேன்" என்று கேட்டு, கையோடு கொண்டுவந்த போர்டில் செருகினார். ஓடியது, சேர்ந்தது, நின்றது. பிரிவதற்குள் சுவிட்சை அணைத்துவிட்டார். சிப்பைப் பெட்டிக்குள் அவரே வைத்து மூடினார்.

இருபது நிமிஷமும் நான் அழுதேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை நின்று கோபம் வந்திருந்தது. பெட்டி இருப்பது தெரிந்தும் எட்டு நாள் வெயிலில் வைத்து, என்னை இத்தனை பாடுபடுத்திவிட்டாரே.

"உனுக்கு மறதி ஜாஸ்தி மாமா" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தவர் என் தலையில் கையை வைத்தார். "ஜாஸ்தி இல்லடா நைனா. கம்மி."

ஜாஸ்தி எது, கம்மி எது என்றே தெரியாத ஆள், தொட்டி நிரம்பியதைக் கண்டுபிடித்து மோட்டாரை எப்படி நிறுத்தப் போகிறார் என்று எனக்கு அந்த ஐஸ் ஃபாக்டரிக்காரர்மேல் பரிதாபமாக இருந்தது.